இரண்டு பொம்பிளை வீட்டார்

தில்லைநாயகி வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் ஒரு தகரப் பெட்டி பதினொரு மாதமாக இருந்தது. நீல நிறம். மூடியில் ஒரு சுவிஸ் பனிமலையும் மணி கட்டிய பசுவும். முன்பு யாரோ பிஸ்கற் வாங்கிய பெட்டி. போன வருடம் தீபாவளிக்கு முதல் நாள் தபாலில் வந்தது. உள்ளே சீனி அரியதரம் இருபத்திநாலு, எண்ணெய்த் தாளில் சுற்றி, ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கியிருந்தது. மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த துண்டில் அனுப்பியவரின் பெயர்: தங்கராஜா மனோகரி, எம்மன்புரூக்கே. கீழே தெருவும் வீட்டு இலக்கமும் அச்செழுத்துப் போன்ற கையெழுத்தில்.

மனோகரி, தனுஷியாவின் தாய். தனுஷியா, தில்லைநாயகியின் ஒரே மகள் வேணுகாவோடு பாடன் நகரத்தில் ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளை. இரண்டு பேரும் தாதிமார். முதல் மூன்று வருடம் வாடகையைப் பங்கு போடுகிறார்கள் என்று தில்லைநாயகி தன்னையும் ஊரையும் நம்பவைத்திருந்தாள். பிறகு ஒரு நாள் வேணுகா வந்து, சாப்பாட்டு மேசையில் கையைக் கழுவாமலே இருந்துகொண்டு, உள்ளதைச் சொல்லிவிட்டாள். தகப்பன் தம்பித்துரை எழும்பிப் போய்க் குப்பைப் பையைக் கட்டிக் கீழே கொண்டுபோனார். அது பாதிதான் நிறைந்திருந்தது.

அந்த அரியதரத்தையும் அவர் தொடவில்லை. தில்லைநாயகி வேலைக்குக் கொண்டுபோய்ப் பகிர்ந்தாள். ஒன்றைத் தானும் தின்றாள். நன்றாக இருந்தது. அதுதான் கூடச் சங்கடமாகப் போயிற்று. பெட்டியைக் கழுவித் துடைத்து மேலே ஏற்றிவைத்தாள். ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. ஏதாவது வைத்துக் கொடுத்தால் உறவை ஒப்புக்கொண்டதாகிவிடும். வெறுமையாகக் கொடுத்தால் முகத்தில் அடித்ததாகும். பேசாமல் வைத்திருப்பதோ இரண்டையும்விட மோசம். அவள் மூன்றாவதைத்தான் பதினொரு மாதமாகச் செய்துகொண்டிருந்தாள்.

தில்லைநாயகிக்கு வயது ஐம்பத்தொன்பது. அவர்கள் இருக்கிற பீல் நகரத்தில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிற வேலை, இருபத்தாறு வருடமாக. விரல் நுனிகளுக்கு ரப்பர் உறை, கண்ணில் ஒரு பூதக்கண்ணாடி, கையில் மெல்லிய குறடு. முதலில் மணி முள், அதற்கு மேல் நிமிட முள், எல்லாவற்றுக்கும் மேல் மயிர் போன்ற செக்கன் முள். மூன்றும் பன்னிரண்டில் ஒன்றன்மேலொன்று நேராக நிற்க வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் ரப்பர்க் குமிழால் ஊதி, திருப்பித் தொடக்கத்திலிருந்து. மூச்சைக்கூட ஒரு பக்கமாகத் திருப்பி விடப் பழகிவிட்டாள். அடுத்த மேசையில் மிரேய். பிரெஞ்சு பேசுகிற சுவிஸ்காரி, வாய்க்காரி, கை சுத்தம்.

வேணுகாவின் விசயத்தை தில்லைநாயகி முதன்முதல் வாய்விட்டுச் சொன்னது மிரேயிடம்தான். தமிழில் அந்த வசனத்தை அவளால் முடிக்க முடிந்ததில்லை. உடைந்த பிரெஞ்சில் நாலே சொல்லில் சொல்லிவிட்டாள். அந்நியப் பாசையில் சொல்லுக்குப் பாரம் குறைவு. மிரேய் குறட்டைக் கீழே வைத்து, "அந்தப் பிள்ளை சமைப்பாளா?" என்று கேட்டாள். சமைப்பாள் என்றதும், "அப்போ உனக்கு என்ன கவலை? என் மருமகன் தண்ணீரைக்கூடக் கருக்குவான்" என்றாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று செப்டெம்பரில் நாடு முழுவதற்கும் வாக்குக் கடிதம் வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கலியாணம் முடிக்கலாமா, ஆமா இல்லையா என்று எழுதி அனுப்ப வேண்டும். தம்பித்துரை சுவிஸ் குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து ஒரு வாக்கும் தவறவிடாதவர். கடிதத்தோடு வருகிற சிவப்புப் புத்தகத்தை அடிமட்டம் வைத்துக் கோடிட்டு வாசிப்பார். மனைவியின் தாளையும் அவரே நிரப்புவார், அவள் கையெழுத்து வைப்பாள். அந்த முறை அவள், "என்ர பேப்பரை விடுங்கோ, நான் எழுதுறன்" என்றாள். அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். தன்னுடையதை எழுதி ஒட்டிக்கொண்டுபோய்ப் போட்டார். என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் கறித்தூள் போத்தல்கள் வைக்கிற லாச்சியை இழுத்து, அதற்குள் தன் தாளை வைத்தாள். மூன்று நாள் பேனையோடு இருந்து பார்த்தாள். 'ஆம்' என்று எழுதினால் புருசனை வெட்டியதுபோல. 'இல்லை' என்று எழுதினால் பிள்ளையை. ஞாயிறு மத்தியானம் வாக்குப் பெட்டியை மூடிவிட்டார்கள். தாள் லாச்சிக்குள்ளேயே கிடந்தது. பின்னேரம் வானொலி சொல்லிற்று: நூற்றில் அறுபத்திநாலு பேர் ஆம் என்றார்களாம். ஒரு மாகாணமும் மிச்சமில்லாமல் ஆம் என்றதாம். தில்லைநாயகி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு யன்னலருகே போய் நின்றாள். கீழே தெருவில் சைக்கிளில் போகிறவர்கள், நாயோடு போகிறவர்கள், பேருந்துக்கு ஓடுகிறவர்கள். மூன்று பேரில் இரண்டு பேர் அவள் எழுதத் துணியாததை எழுதியிருக்கிறார்கள். யார் யாரென்று தெரியாததால் எல்லாரையும் நன்றியோடு பார்த்தாள். மறுநாள் மிரேய் வேலையிடத்தில், "உன் பெண்ணையும் நினைத்துத்தான் எழுதினேன்" என்றபோது, நீ எழுதினாயா என்று திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று தில்லைநாயகி குனிந்துகொண்டாள். மிரேய் கேட்கவில்லை.

சட்டம் அடுத்த வருடம் யூலை மாதம் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. செப்டெம்பர் கடைசியில் வேணுகா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒக்டோபர் இருபத்தொண்டு, வெள்ளிக்கிழமை. காலமை பத்தரைக்கு. பாடன் பதிவுக் கந்தோரில."

"ம்."

"சாட்சிக்கு ரெண்டு பேர் கையெழுத்து வைக்க வேணும். எங்களோட வேலை செய்யிற ரெண்டு பேரைக் கேட்டிருக்கிறம். அவை வருவினம்."

"ஆர்? வெள்ளைக்காரரோ?"

"ஒண்டு வெள்ளை. மற்றது எரித்திரியா. அம்மா, நீங்களும் அப்பாவும் வந்தாச் சந்தோசம். வராட்டி எனக்குக் கோவமில்லை, சரியோ. மெய்யாத்தான் சொல்லுறன், கோவமில்லை."

கோபம் என்றால் தில்லைநாயகிக்கு என்ன செய்வதென்று தெரியும். சமாதானம் பண்ணலாம், திருப்பிக் கோபிக்கலாம். கோபமில்லை என்று சொல்லுகிற பிள்ளையை என்ன செய்கிறது? வராமல் விடுவதற்கு அவள் ஏற்கனவே இடம் ஒதுக்கி வைத்துவிட்டாள். அதில் போய் இருக்க வேண்டியதுதான் மிச்சம். அப்படி இருந்துவிட்டால் பிறகு எந்த நாளில் எழும்புகிறது?

அடுத்த சனிக்கிழமை, ஒக்டோபர் முதலாம் திகதி, ஏரிப் பனிப்புகார் ஊருக்குள் வந்து படுத்துவிட்டது. எதிர் வீட்டு யன்னல் தெரியவில்லை. தில்லைநாயகி ஏரி மீனில் குழம்பு வைத்து, குரக்கன் பிட்டு அவித்திருந்தாள். அந்த மணம் பிடித்து வந்ததுபோல குலேந்திரன் வந்தான். தம்பித்துரைக்குச் சித்தப்பா மகன். கோயில் சபையில் செயலாளர். சாப்பிட்டுக்கொண்டே கதைப்பான், கதைத்துக்கொண்டே சாப்பிடுவான், இரண்டும் குறையாது.

"மச்சாள், மீன் நல்ல ருசி. முள்ளுத்தான் கொஞ்சம் கூட."

"ஏரி மீன் அப்பிடித்தான். பாத்துச் சாப்பிடும்."

"அண்ணை, நான் ஒளிச்சு மறைச்சுக் கதைக்கத் தெரியாதவன். கேள்விப்பட்டன். திகதியும் வைச்சாச்சாம்."

தம்பித்துரை பிட்டைக் குழம்பில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு பேருக்குத் தெரிய முதல் ஒரு வழி பாக்கலாம் எண்டுதான் சொல்ல வந்தனான்."

"நாலு பேரோ?" என்றார் தம்பித்துரை. "சிவப்புப் புத்தகத்தில அச்சடிச்சு வீட்டுக்கு வீடு தபால்ல போட்டு, நாடே இருந்து வாக்குப் போட்டு முடிஞ்சுது. இனி நீ ஆருக்குத் தெரியாமல் என்னத்தை மறைக்கப் போறாய்?"

தில்லைநாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழம்புச் சட்டியைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டாள்.

குலேந்திரன் விடுகிறவனில்லை. "சரி, நாட்டை விடுங்கோ. எங்கட முறைக்கு வாங்கோ. ரெண்டும் பொம்பிளையெண்டா ஆர் மாப்பிள்ளை வீடு? ஆர் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? சொல்லுங்கோ பாப்பம். பொம்பிளை வீட்டார்தானே போய்க் கேக்க வேணும். கேக்கிறதுக்கு மாப்பிள்ளை வீடு எங்கை இருக்கு?" அவன் தன் கெட்டித்தனத்தில் தானே மகிழ்ந்து சிரித்தான். இன்னொரு மீன் துண்டையும் எடுத்தான்.

அவன் போன பிறகு தம்பித்துரை வழமைபோலக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். முப்பது வருடம் சமையல்கட்டுகளில் வேலை செய்தவர். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில். எந்தக் கோப்பையையும் இரண்டு தரம் கழுவுவார்.

"இஞ்சேர்."

"என்ன?"

"தொண்ணூற்றி மூண்டில எனக்கு வயித்துப் புண் வெடிச்சுக் கிடந்தது ஞாபகமிருக்கோ?"

அவள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையோடு நின்றாள். மறக்கிற காரியமா அது? ஊரில் கோயிலில் தாலி கட்டிக் கலியாணம் முடித்தவர்கள்தான். ஆனால் பதிவுக் கடதாசி சண்டையில் எரிந்துபோயிற்று. இந்த நாட்டுக் கோப்பில் அவர் தனியாள், அவள் தனியாள். ஆசுப்பத்திரியில் அவரைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனபோது, அவளிடம் நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். பெண்சாதி என்றாள். கடதாசி கேட்டார்கள். கழுத்தைக் காட்டினாள். தாலியை அவர்கள் அழகான சங்கிலி என்று பார்த்தார்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று சொல்லவும் சட்டமில்லையாம். மடியில் ஒரு வயதுப் பிள்ளையோடு இரண்டு நாள் நடைக்கூடத்து வாங்கில் இருந்தாள். அந்தப் பிள்ளை வேணுகா.

"அவள் அண்டைக்குப் பூரா உன்ர தாலியைச் சப்பிக்கொண்டு இருந்தவள் எண்டு சொன்னனி."

"ஓம். பல்லு முளைக்கிற நேரம்."

"பிறகு ஒரு வருசமா அலைஞ்சு, சத்தியக் கடதாசி முடிச்சு, இஞ்சை கந்தோரில திருப்பிக் கலியாணம் எழுதினம். சாட்சிக்கு ஆரும் இல்லை. சமையல்கட்டு இத்தாலிக்காரன் ஏப்ரனோட ஓடிவந்தான். அகதிமுகாம் கூட்டுற மனுசி வந்தா. ஆரெண்டும் தெரியாத எங்களுக்கு வந்து கையெழுத்து வைச்சினம்." அவர் தண்ணீரை நிறுத்தினார். "வேணுகாவும் நிண்டவள். வெள்ளைச் சட்டையோட. எழுதினவர் அவளுக்கு இனிப்புக் குடுத்தவர்."

"ஓம்."

"அப்ப அவள் எங்கட கலியாணத்துக்கு வந்தவள்."

தில்லைநாயகி துடைத்த கோப்பையை அடுக்கில் வைத்தாள்.

"எங்கட கலியாணத்துக்கு வந்த ஆக்களின்ர கலியாணத்துக்கு நாங்கள் போகாமல் விட்டது உண்டோ? சொல்லு. சண்டை பிடிச்ச ஆக்களின்ரைக்குக்கூடப் போனனாங்கள்."

"போனனாங்கள்."

"குலேந்திரன் விசரன். ஆனால் ஒண்டு சரியாச் சொன்னவன். பொம்பிளை வீட்டார்தான் போய்க் கேக்க வேணும். நாங்கள் பொம்பிளை வீட்டார்தானே?"

"ஓம், பின்னை?"

"அப்ப நாங்கள்தான் போக வேணும்." ஒரு கணக்கை முடித்ததுபோலக் கையைத் துடைத்தார். பிறகு, பார்க்காமலே, குளிர்பெட்டியின் மேல் கையை நீட்டி அந்த நீலப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். "இதையும் எவ்வளவு காலத்துக்கு வைச்சிருக்கப் போறாய்?"

போன் பண்ணிவிட்டுப் போவோமா என்று அவள் கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். "போனில கேட்டா வேண்டாம் எண்டு சொல்லலாம். வாசல்ல வந்து நிண்டா சொல்லேலாது. பிள்ளையளுக்கும் சொல்லாதை. அவளவை வெருண்டு போவாளவை."

பின்னேரம் முழுவதும் தில்லைநாயகி அடுப்படியில் நின்றாள். வறுத்து இடித்த பயத்தம்மா அவளிடம் எப்போதும் இருக்கும். தேங்காய்ப் பூவை வறுத்து, சீனிப்பாகு காய்ச்சி, மிளகு சீரகம் ஏலம் போட்டுக் குழைத்து, கை சுடச் சுட உருண்டை பிடித்து, மாவில் தோய்த்துப் பொரித்தாள். முள் பொருத்திய விரல்கள். உருண்டைகள் ஒரே அளவில் நின்றன. பயத்தம் பணியாரம் இருபத்தைந்து. வந்ததைவிட ஒன்று கூட.

ஞாயிறு காலை தம்பித்துரை, குடியுரிமைப் பத்திரம் வாங்கப் போட்ட கோட்டைப் போட்டார். அவள் தவிட்டு நிறச் சேலை கட்டி, மேலே குளிருக்கு அங்கி. பெட்டியைப் பட்டுத் துண்டில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். ரயில் சொலத்தூண் வரையும் புகாருக்குள்ளேயே ஓடிற்று. ஒல்ரனில் மாற வேண்டும். இந்த நாட்டில் எங்கே போவதென்றாலும் ஒல்ரனில்தான் மாற வேண்டும். பதினைந்து நிமிடம் இருந்தது. தம்பித்துரை ஆளுக்கொரு கோப்பி வாங்கி வந்தார்.

"கேக்கிறது எப்பிடிக் கேக்கிறது?" என்றாள் அவள்.

"எப்பிடிக் கேக்கிறதெண்டா?"

"வழமையா, உங்கட மகனை எங்கட பிள்ளைக்குத் தருவியளோ எண்டு கேப்பினம்."

தம்பித்துரை கோப்பியை ஊதினார். "அங்கை போய்ப் பாப்பம். வாய் திறந்தா வரும்."

ஒல்ரன் தாண்டியதும் வெயில் வந்தது. எம்மன்புரூக்கேயில் உருக்காலைப் பக்கம் ஐந்து மாடிக் கட்டடம். பெட்டியின் துண்டில் இருந்த இலக்கமும் கதவில் இருந்த இலக்கமும் ஒன்று. வாசலில் கறிவேப்பிலைச் சட்டி. தம்பித்துரை கோட்டை இழுத்துவிட்டு மணியை அழுத்தினார். இரண்டாம் முறையும் அழுத்தினார். மூன்றாம் முறை அழுத்த, பக்கத்து வீட்டுக் கதவு திறந்து ஒரு வயதான சுவிஸ்காரர் எட்டிப் பார்த்தார். அவர்கள் இல்லை, எட்டு மணிக்கே வெளிக்கிட்டுப் போய்விட்டார்கள் என்றார். நல்ல உடுப்புப் போட்டிருந்தார்களாம். அந்த அம்மா கையில் ஒரு மண்சட்டியாம், அதை ஒரு குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு போனாவாம்.

"எங்கை போனவை?" தம்பித்துரை ஜெர்மனில் கேட்டார்.

"பீலுக்கு" என்றார் அவர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தில்லைநாயகியின் தொலைபேசி அடித்தது. வேணுகா.

"அம்மா, எங்கை நிக்கிறியள்?"

"வீட்டிலதான்." வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"வீட்டிலயோ? அப்ப தனுஷியான்ர அம்மா பத்து நிமிசமா உங்கட வாசல்ல நிண்டு பெல் அடிக்கிறது உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

தில்லைநாயகி கறிவேப்பிலைச் சட்டியைப் பார்த்தாள். "கேக்கேல்லைப் பிள்ளை. நான் அவவின்ர வாசல்ல நிண்டு அடிச்சுக்கொண்டிருக்கிறன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அதற்குப் பின்னால் தூரத்தில், "என்னடி, என்னடி சொல்லுறாங்க?" என்று இன்னொரு பிள்ளையின் குரல். பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று பிரிக்க முடியாமல் ஒரே இரைச்சல்.

"அம்மா," என்றாள் வேணுகா கடைசியில், "ஒருத்தரும் ஒரு இடத்துக்கும் போக வேண்டாம். எல்லாரும் ஒல்ரனுக்கு வாங்கோ. அவையையும் திருப்பி அனுப்புறன். நாங்களும் வாறம்."

திரும்பும் ரயிலில் தம்பித்துரை நேரசூசியைக் கையில் வைத்துக் கணக்குப் பார்த்தார். "காலமை நாங்கள் ஒல்ரனில கோப்பி குடிக்கேக்க அவை அடுத்த மேடையில நிண்டிருப்பினம். பதினைஞ்சு அடி இருக்காது" என்றார்.

ஒல்ரன் நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையில் அவர்கள் முதலில் வந்து இருந்தார்கள். அரை மணிக்குள் பீல் ரயில் வந்தது. இறங்கியவர்களுக்குள் சட்டி ஏந்திய ஒருத்தியை அடையாளம் காண்பது கஷ்டமாக இல்லை. மனோகரி சின்ன உருவம், மஞ்சள் சேலை. பின்னால் தங்கராஜா, உயரம், மீசை, கையில் ஒரு போத்தல் கித்துள் மரத்து இனிப்புப் பாணி. மட்டக்களப்பு ஆட்கள். அவர் உருக்காலையில், மனோகரி பராமரிப்பு வேலையில்.

"ஐயோ அக்கா, குறை நினைக்காதீங்க," என்று மனோகரி தொடங்கினாள். "சொல்லாம கொள்ளாம உங்கட வாசல்ல வந்து நிண்டுட்டம்."

"நாங்கள்தான் உங்கட வாசல்ல நிண்டம். பக்கத்து வீட்டு ஐயா பயந்துபோனார்."

"அவரா? அவர் நாளைக்கு முழுக் கட்டடத்துக்கும் சொல்லிருவார்," என்றார் தங்கராஜா.

நாலு பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். பிறகு தம்பித்துரை தொண்டையைச் செருமினார். "நாங்கள் பொம்பிளை வீட்டார். முறைப்படி வந்து கேக்க வேண்டியது எங்கட பொறுப்பு. கொஞ்சம் பிந்திப் போச்சு. அதுக்கு மன்னிக்க வேணும்."

தங்கராஜா முகத்தைச் சுருக்கினார். "என்ன அண்ணன் சொல்லுறீங்க. நாங்கதான் பொம்புள வீட்டுக்காரர். நாங்க வந்து கேக்காம நீங்க வாறதா? எங்கட ஊர் முறைக்கு அது பெரிய பிழை."

"எங்கட ஊர் முறைக்கும் அப்பிடித்தான்."

"அப்ப ரெண்டு பேரும் சரி."

"ரெண்டு பேரும் சரியாப் போனபடியால்தான் ரெண்டு பேரும் பூட்டின கதவைப் பாத்துக்கொண்டு நிண்டம்," என்றாள் தில்லைநாயகி. மனோகரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்தாள். தில்லைநாயகி பட்டுத் துண்டை அவிழ்த்து நீலப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

"இது உங்கட பெட்டி. பதினொரு மாசம் வைச்சிருந்திட்டன். சரியான பிழை."

மனோகரி மூடியைத் திறந்து பார்த்தாள். "நான் நினைச்சன் எறிஞ்சுட்டீங்கண்டு. இவருக்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுதன். மறுகா, திகதி வந்ததும், எறிஞ்சா எறியட்டும், நேர போய்ப் பாப்பம் எண்டு தயிரைப் போட்டன்."

"எறியிறதோ? துடைச்சுத் துடைச்சு அந்தப் பசுவின்ர நிறம்கூடப் போச்சு."

தங்கராஜா தம்பித்துரையின் பக்கம் சாய்ந்தார். "அண்ணன், மெய்யச் சொல்லுறன். எனக்கு ஒரு வருசம் நித்திரை இல்ல. நான் வேணாம் எண்டுதான் நிண்டன்."

"நானும்தான்," என்றார் தம்பித்துரை. "வாக்கில நான் இல்லை எண்டுதான் எழுதினனான். அடிமட்டம் வைச்சு வாசிச்சுப்போட்டு, வடிவா எழுதினனான்."

"எனக்கு வாக்கே இல்ல. குடியுரிமை எடுக்கல்ல, இன்னமும் சீ பெர்மிற்தான். இருந்திருந்தா நானும் அதத்தான் எழுதியிருப்பன்."

"நல்ல காலம் உங்களுக்கு வாக்கில்லாதது."

"உங்களுக்கும் ஒரு வாக்குத்தானே இருந்த," என்றார் தங்கராஜா. "ஒண்டோட போச்சு."

அப்போதுதான் தில்லைநாயகி கவனித்தாள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வேணுகாவும் தனுஷியாவும் நின்றுகொண்டிருந்தார்கள். பாடன் ரயிலில் வந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ. வேணுகா தாதி உடுப்புக்கு மேல் அங்கியைப் போட்டுக்கொண்டு அப்படியே ஓடிவந்திருந்தாள். தகப்பன் சொன்னதைக் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

தம்பித்துரை திரும்பிப் பார்த்தார். எழும்பி நின்றார். "பிள்ளை, நான் இல்லை எண்டுதான் எழுதினனான்" என்றார் மறுபடியும், அவளைப் பார்த்து.

"தெரியும் அப்பா."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் வாக்கு முடிவு வந்த அண்டைக்குப் பின்னேரம் போன் எடுத்து, பாடன்ல குளிரோ எண்டு கேட்டனீங்கள். செப்டெம்பர் மாசத்தில என்ன குளிர்?"

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். பிறகு, "சாட்சிக்கு ஆக்கள் இருக்கினமோ?" என்றார்.

"ரெண்டு பேரைக் கேட்டிருக்கிறம். சொன்னனானே."

"அவையைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடு. நல்லா மரியாதை செய்வம். கையெழுத்து வைக்க வாற பிறத்தியாரை நாங்கள் மறக்கிற ஆக்களில்லை." "ஆனால் கையெழுத்து நான் வைக்கிறன். உங்கட பக்கம் ஒருத்தர், எங்கட பக்கம் ஒருத்தர். தங்கராஜா, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"என்ட பேனைக்கு மை இருக்கு," என்றார் தங்கராஜா.

வேணுகா தகப்பனின் தோளில் முகத்தை வைத்தாள். முப்பது வயதுப் பிள்ளை. அவர் அவளுடைய முதுகில் மெதுவாகத் தட்டினார், பால் கொடுத்த குழந்தைக்குத் தட்டுகிற தட்டு. தனுஷியா எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றாள். தில்லைநாயகி தன் பக்கத்துக் கதிரையிலிருந்த அங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "வாம்மா, இதில இரு" என்றாள். பிள்ளை இருந்தாள். "அரியதரம் நீயோ சுட்டனி?" "இல்ல அன்ரி, அம்மா. நான் அடுக்கினன் மட்டும்." "அடுக்கினது நல்லா இருந்தது," என்றாள் தில்லைநாயகி. அது மெய்யும்கூட.

மனோகரி சட்டியின் துணியை அவிழ்த்தாள். தோட்டக்கடையில் வாங்கிய மண்சட்டி, கீழே இருந்த ஓட்டையை ஏதோ மாப் பூசி அடைத்து, சுட்டு, அதில் தயிர் போட்டிருந்தாள். பீலுக்குப் போய் ஒல்ரனுக்கு வந்தும் கத்தியால் வெட்டலாம்போல நின்றது. வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. பரிமாறுகிற பெண் வந்து சட்டியைப் பார்த்தாள், ஆறு பேரின் ஈரக் கண்களைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய் ஆறு கிண்ணமும் ஆறு கரண்டியும் கொண்டுவந்து வைத்தாள். தம்பித்துரை எழும்பி நின்று அவளுக்கு நன்றி சொன்னார். தயிருக்கு இவ்வளவு மரியாதையா என்பதுபோல அவள் சிரித்தாள். அவளுக்கும் ஒரு கிண்ணம், பாணி ஊற்றி.

பின்னேரம் ரயில்கள் பிரிகிற நேரம் மனோகரி வெறுஞ் சட்டியை எடுக்கக் கை நீட்டினாள். தில்லைநாயகி முந்திக்கொண்டாள்.

"விடுங்கோ. கழுவித் தாறன்."

"பரவாயில்லக்கா, நான் வீட்ட போய்க் கழுவுவன்."

"வெறுஞ் சட்டியைக் கொண்டுபோக விடுறதோ? இருக்கட்டும். இருபத்தொண்டாந்திகதி கொண்டுவாறன்."

பீலில் இறங்கும்போது இருட்டவில்லை. புகார் விலகி, ஏரிப் பக்கம் வானம் சிவந்திருந்தது. தில்லைநாயகி வீட்டுக்கு வந்ததும் அங்கியைக் கழற்றாமலே சட்டியைக் கழுவினாள். மறுநாள் மிரேயிடம் சொல்ல வேண்டும். போன ஞாயிறு வாக்கில் பெண்களின் ஓய்வூதிய வயதைக் கூட்டிவிட்டார்கள் என்று அவள் கிழமை முழுவதும் ஏசிக்கொண்டிருந்தவள். தில்லைநாயகியும் ஒன்பது மாதம் கூடுதலாக முள் பொருத்த வேண்டும். பொருத்தலாம். இந்த முறை அவள் வாக்கைப் போட்டிருந்தாள். தோற்ற பக்கம்தான்.

தூள் லாச்சியைத் திறந்து, அடியில் கிடந்த பழைய வாக்குத் தாளை எடுத்தாள். வெறும் தாள். மடித்து, ஈரம் உறிஞ்சட்டும் என்று சட்டிக்குள் வைத்தாள். பிறகு சட்டியைத் தூக்கிக் குளிர்பெட்டியின் மேல், நீலப் பெட்டி இருந்த தழும்பின்மேல் வைத்தாள்.

"அதுக்குள்ள என்ன வைச்சுக் குடுக்கப் போறாய்?" என்று தம்பித்துரை சாப்பாட்டு மேசையிலிருந்து கேட்டார். முன்னால் ஒரு தாள். கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு," என்றாள் தில்லைநாயகி. "யோசிப்பம்."